பன்னிரண்டாம் வகுப்பு ஓவியப் பாடமும் சென்னைக் கலை மரபும்: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்பு ஓவியப் பாடம், இராசத்தானிய – பகாரி சிற்றோவிய மரபுகளில் தொடங்கி, முகலாய – தக்காணப் பாணிகள், வங்கப் பாணி ஆகியவற்றின் வழியாக இக்காலக் கலையை வந்தடைகிறது. பெயர் சுட்டிக் கற்கவேண்டிய படைப்புகளுள் மூன்று, சென்னையில் கற்றவர் அல்லது கற்பித்தவர் கைப்பட்டவை. தாம்பரம் முதலிய தென்சென்னைப் புறநகர் மாணவர்க்கு அம்மூன்றும் எட்டும் தொலைவிலுள்ள கலை வரலாற்றின் வாயில்கள். அவற்றிலிருந்து தொடங்கினால் பாடநூலின் வங்கப் பாணி இயலையும் வேறுவகையில் வாசிக்க இயலும் என்பதையும், அவ்வாசிப்புக்குத் தமிழ்க் கலைச்சொற்கள் எங்ஙனம் துணைநிற்கும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மேனிலைக் கல்வி, ஓவியப் பாடம், வங்கப் பாணி, சோழமண்டலம், உழைப்பாளர் சிலை, கலைச்சொல்லாக்கம், புனையா ஓவியம்

முன்னுரை

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும் அவற்றையொட்டிய சில பேரூராட்சிகளும் இணைந்து 2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. இவ்வட்டாரத்தில் குடியிருப்புகள் பெருகியதோடு நடுவண் இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகளும் பெருகின. அவ்வாரியத்தின் மேனிலை வகுப்புகளில் ஓவியம் ஒரு விருப்பப் பாடம். அதன் குறியீட்டெண் 049. அறிவியல் பிரிவிலோ வணிகவியல் பிரிவிலோ படிக்கும் மாணவர் இதனை ஐந்தாம் பாடமாகவோ ஆறாம் பாடமாகவோ எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

மாநிலப் பாடத்திட்டத்தில் நிலைமை வேறு. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஓவிய ஆசிரியர் வகுப்பெடுக்கும் பள்ளிகள் உண்டு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் ஓவியத்தில் கீழ்நிலை, மேல்நிலைத் தொழில்நுட்பத் தேர்வுகளையும் நடத்துகிறது. ஆனால், மேனிலை வகுப்புகளின் வழக்கமான பாடத்தொகுதிகளில் ஓவியம் இடம்பெறுவதில்லை. வரலாறும் பொருளியலும் அடங்கிய தொகுதியைக் 'கலைப்பிரிவு' என்று வழங்குகிறோம். அக்கலைப்பிரிவில் வரைவதற்கு ஒரு தாள்கூட இல்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆகவே, பள்ளி இறுதியாண்டில் ஓவியத்தை ஒரு தேர்வுப் பாடமாகப் பயிலும் வாய்ப்பு, இவ்வட்டாரத்தில் பெரிதும் நடுவண் வாரியப் பள்ளிகளையே சார்ந்துள்ளது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமும் மேனிலையில் ஓவியத்தைப் பாடமாக வழங்குகிறது.

இப்பாடத்தைப் பற்றித் தமிழில் இருவகைக் கருத்துகள் பொதுவாக நிலவுகின்றன. மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் பாடம் என்பது ஒன்று. வடநாட்டு ஓவியங்களை மனப்பாடம் செய்யவைக்கும் பாடம் என்பது மற்றொன்று. முன்னது ஆய்வுக்குரியதன்று. பின்னது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேடுவதே இக்கட்டுரையின் வேலை.

பாடத்தின் அமைப்பு

எழுத்துத் தேர்வுக்கு 30 மதிப்பெண், செய்முறைக்கு 70. செய்முறைத் தேர்வு மூன்று மணி நேரம் வீதம் இரு அமர்வுகளாக ஆறு மணி நேரம் நடைபெறும். இயற்கை மற்றும் நிலைப்பொருள் வரைவுக்கு 25, கற்பனை ஓவிய அமைப்புக்கு 25, ஆண்டு முழுவதும் வரைந்தவற்றின் தொகுப்புக்கு 20 என 70 மதிப்பெண்ணும் பகுக்கப்படுகின்றன. நிலைப்பொருள் வரைவு என்பது, இரண்டு மூன்று பொருள்களை மடிப்புகள் தெரியும்படி விரித்த துணியின்முன் வைத்து, இருக்கையில் இருந்தபடி கண்டு வரைவதாகும். மண்சட்டி, பித்தளைச் செம்பு, காய்கனி ஆகியன பெரும்பாலும் எடுத்தாளப்படும் பொருள்கள்.

எழுத்துத் தேர்வுக்கான பாடம் மூன்று அலகுகளால் ஆனது. முதல் அலகில் இராசத்தானிய, பகாரிச் சிற்றோவியங்கள். இரண்டாவதில் முகலாய, தக்காணப் பாணிகள். மூன்றாவதில் வங்கப் பாணியும் இக்காலப் போக்குகளும். மேவார் ஓவியர் சாகிப்தீனின் 'மாரு இராகினி', கிசன்கரின் நிகால்சந்த் வரைந்த 'பணி தணி', முகலாய அவையின் உசுதாத் மன்சூர் தீட்டிய வல்லூறு, அபனீந்திரநாத் தாகூரின் 'பயண முடிவு', அமிர்தா சேர்கிலின் 'மஞ்சள் அரைப்போர்' என்று பெயர் சுட்டிய படைப்புகள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, ஓவியர், காலம், ஊடகமும் நுட்பமும், பொருள், அமைப்பு என்னும் தலைப்புகளில் விடை எழுதப் பயிற்சி அளிக்கப்படுகிறது.

இவ்விடைமுறையில் குறை ஒன்றுண்டு. முதல் நான்கு தலைப்புகளும் நினைவாற்றலுக்கு உரியவை; கடைசி இரண்டும் கண்ணுக்கு உரியவை. பாடநூலில் உள்ளங்கை அளவே அச்சாகியுள்ள ஒரு படத்தைக் கொண்டு 'அமைப்பு' குறித்து எழுத நேரும்போது, மாணவர் கண்டதை எழுதாமல் கையேடு சொன்னதை எழுதுகிறார். 'கோடுகள் ஓட்டமுடையன, வண்ணங்கள் இயைந்தன' என்னும் தொடர் எல்லா ஓவியத்துக்கும் பொருந்திவிடுகிறது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் தொடர் எதனையும் விளக்குவதில்லை.

சிற்றோவியத்தின் மூலங்களைக் காண்பது தென்சென்னை மாணவர்க்கு எளிதன்று. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் தேசியக் கலைக்கூடத் தொகுப்பில் முகலாய, இராசபுத்திர ஓவியங்களும் இரவிவர்மாவின் ஓவியங்களும் உள்ளன. ஆயினும், அக்கலைக்கூடம் அமைந்த விக்டோரியா நினைவு மண்டபக் கட்டடம் பல்லாண்டுகள் பழுதுபார்ப்புக்காகப் பூட்டிக்கிடந்தது. ஆகவே, முதல் இரு அலகுகளும் பெரும்பாலும் அச்சுப்படத்தின் வழியேதான் கற்கப்படுகின்றன. மூன்றாம் அலகின் நிலை அவ்வாறன்று.

மூன்றாம் அலகில் சென்னை

அண்மைய ஆண்டுகளின் பாடத்திட்டத்தில் இக்காலப் பகுதிக்குரிய ஓவியங்களாக இரவிவர்மா, சாமினி ராய், அமிர்தா சேர்கில், எம்.எப். உசேன் ஆகிய நால்வரின் படைப்புகள் குறிக்கப்பட்டுள்ளன. சென்னைக் கலைப்பள்ளியில் உருவான ஓவியர் ஒருவரும் இந்நால்வருள் இல்லை. சென்னை நுண்கலைக் கண்காட்சியில் 1870களில் பரிசு பெற்றுப் புகழடைந்தவர் என்ற அளவில் இரவிவர்மாவுக்கு இந்நகரோடு உறவுண்டு, அவ்வளவே. இதைமட்டும் கண்டு 'சென்னை விடுபட்டது' என்று முடிவுகட்டுவோர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை. அச்சோவியங்களின் பட்டியலில் கிருட்டிண ரெட்டியின் 'நீர்ச்சுழி' உள்ளது. சிற்பங்களின் பட்டியலில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் 'உழைப்பின் வெற்றி'யும், பி.வி. சானகிராமின் 'கணேசர்' உருவமும் உள்ளன. ஓவியத்தில் காணப்படாத சென்னை, அச்சிலும் சிற்பத்திலும் அமர்ந்திருக்கிறது.

இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலனாகும். மூன்றும் வங்கத்துக்கும் சென்னைக்கும் இடையே நிகழ்ந்த போக்குவரத்தின் விளைவுகள். அப்போக்குவரத்தின் தொடக்கமோ பாடநூலில் வங்கத்துக்கு உரியவராக அறிமுகமாகும் ஈ.பி. ஏவெல்லிடம் உள்ளது.

அலெக்சாண்டர் அண்டர் என்னும் மருத்துவர் 1850இல் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியே இன்று எழும்பூரை அடுத்துப் பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரி. 1884இல் அதன் பொறுப்பை ஏற்ற ஏவெல், சென்னை மாகாணத்தின் நெசவு, உலோக வேலை, மரவேலை முதலிய கைத்தொழில்களை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தார். ஐரோப்பிய வார்ப்புருவங்களைப் பார்த்து வரைவது இந்திய மாணவர்க்குப் போதாது என்னும் அவரது பிற்காலக் கருத்துக்கு இக்கள அறிவும் ஓர் அடிப்படை எனக் கொள்ளலாம். 1896இல் கல்கத்தா கலைப்பள்ளிக்குத் தலைவராகச் சென்ற பின்னரே அவர் அபனீந்திரநாத்தோடு இணைந்தார். முகலாயச் சிற்றோவியங்களை மாணவர் பார்வைக்கு வைத்தார். பாடத்தின் இரண்டாம் அலகும் மூன்றாம் அலகும் சந்திக்கும் இடம் இதுவே: முகலாயச் சிற்றோவியம் வங்கப் பாணிக்கு ஊற்றாயிற்று. அச்சந்திப்பை ஏற்பாடு செய்தவரோ சென்னையில் பணியாற்றிவிட்டுச் சென்றவர். பாடநூலை வரிசைப்படி படிக்கும் மாணவர்க்கு அலகுகள் தனித்தனித் தீவுகளாகவே தோன்றும். ஏவெல்லின் பயணத்தைச் சொன்னால் அவை இணைந்துவிடும்.

உழைப்பாளர் சிலை

ஏவெல் சென்ற வழியே எதிர்த்திசையில் வந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி (1899–1975). அபனீந்திரநாத்திடம் ஓவியம் கற்ற அவர், 1929இல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைமையை ஏற்றார். அப்பொறுப்பில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. 1957 வரை ஏறத்தாழ முப்பதாண்டுகள் அங்கேயே இருந்தார். வங்கப் பாணியின் மென்மையான நீர்வண்ணத்தில் பயின்ற கை, சென்னையில் தசைநார் புடைக்கும் வெண்கல உருவங்களை ஆக்கியது என்பதே அவரைப் பற்றிக் கற்பிக்கவேண்டிய முதன்மையான செய்தி. 'வங்கப் பாணியினர்' என்னும் ஒற்றைப் பெயருக்குள் அவரை அடக்கிவிட முடியாது.

மெரினாவின் வடபகுதியில் 1959ஆம் ஆண்டு குடியரசு நாளையொட்டி நிறுவப்பட்ட அவரது சிற்பத்தைச் சென்னை மக்கள் 'உழைப்பாளர் சிலை' என்கின்றனர். பாடநூல் தலைப்பு 'உழைப்பின் வெற்றி'. இவ்விரு பெயர்களுக்கும் இடையிலான வேறுபாடே ஒரு வகுப்புக்குப் போதும். நான்கு ஆடவர் ஒரு பெரும் பாறையைப் பெயர்க்க முயல்கின்றனர். பாறை இன்னும் பெயரவில்லை. கால்கள் மண்ணில் ஊன்றியுள்ளன, முதுகுகள் வளைந்துள்ளன, நெம்புகோல் விசை ஏறும் கணம் அது. 'வெற்றி' என்று தலைப்புச் சொல்வதை உருவம் இன்னும் அடையவில்லை. மக்கள் வழக்கோ வெற்றியை விட்டுவிட்டு உழைப்பவரை மட்டும் பெயரில் நிறுத்திக்கொண்டது. சிற்பத்தின் பொருளுக்கு நெருக்கமானது எப்பெயர் என்று கேட்டால், மாணவர் சிற்பத்தைப் பார்த்துத்தான் விடை சொல்ல முடியும்.

1923இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாள் கூட்டங்களை இந்நகரின் கடற்கரைப் பகுதிகளில் நடத்தினார் என்னும் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. சிற்பம் அந்நிகழ்வுக்காக எழுந்ததென்று கொள்ளச் சான்று தேவையில்லை. ஒரே கடற்கரையில் இரண்டும் நிகழ்ந்தன என்பதே பார்வையாளரின் மனத்தில் பொருளைக் கூட்டுகிறது. ஆண்டுதோறும் மே முதல் நாளில் அதற்கு மாலையிடப்படுவது அதன் தொடர்ச்சி.

ஒரு பக்கம் இருந்து எடுத்த ஒளிப்படத்தில் இச்சிற்பம் தட்டையாகிவிடுகிறது. சுற்றிவந்து பார்த்தால், சாலைப்பக்கம் இருந்து காணும்போது ஓர் உருவமும் கடல்பக்கம் இருந்து காணும்போது மற்றோர் உருவமும் முதன்மை பெறுவது தெரியும். காலை ஒளி கடலிலிருந்து வருவதால் ஒருபுறம் ஒளிர்ந்து மறுபுறம் இருள்வதும், நிலைப்பொருள் வரைவில் மாணவர் பென்சிலால் காட்டப் போராடும் ஒளிநிழலும் ஒன்றே. தாம்பரத்தில் மின்தொடர் வண்டி ஏறிக் கடற்கரைக்கு வருவதற்கு ஒரு விடுமுறைப் பகல் போதும். இதைக் கல்விச் சுற்றுலா என்று பெரிதாகச் சொல்லவேண்டியதில்லை. பாடத்தில் குறித்த படைப்புகளுள் இவ்வட்டார மாணவர் கட்டணமின்றி, காவலரின்றி, நின்று வரையக்கூடிய மூலப்படைப்பு இது.

கணேசரும் கவசத் தகடும்

ராய் சௌத்ரியிடம் பயின்றவர் கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977). 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவிய அவர், 1957இல் ராய் சௌத்ரியை அடுத்துக் கலைப்பள்ளியின் தலைமையை ஏற்றார். தம் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் வேறு வேலைக்குப் போய் வரைவதையே விட்டுவிடுவதைக் கண்டு, கைவினைப் பொருள்களை விற்று வாழ்ந்துகொண்டே கலையைத் தொடரும் ஒரு குடியிருப்பை எண்ணினார். பாத்திக் துணிகளும் பிற கைவினைகளும் விற்ற பணத்தில் நிலம் வாங்கப்பட்டது. 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இவ்வாறு உருவாயிற்று. பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசைக்கு ஒரு மாணவரின் கணக்குக் குறிப்பேடு தூண்டுதலாக அமைந்தது என்பர். பள்ளிக் குறிப்பேட்டுக்குக் கலை வரலாற்றில் கிடைத்த இந்த மதிப்பு மாணவர்க்குச் சொல்லத்தக்கது.

அக்குடியிருப்பைத் தொடங்கியவர்களுள் ஒருவர் பி.வி. சானகிராம் (1930–1995). பாடத்தில் உள்ள அவரது 'கணேசர்' செப்புத் தகட்டால் ஆனது, 1970ஆம் ஆண்டினது. விநாயகர் வீணை வாசிக்கிறார். வார்ப்பு முறையில் உருக்கி ஊற்றிய சிற்பம் அன்று இது. தகட்டை அடித்துக் குழிவாக்கி, கண், ஆபரணம் முதலிய கோடுகளைக் கம்பிகளாக வைத்துப் பற்றவைத்துச் செய்யப்பட்டது. முன்புறம் மட்டுமே காணத்தக்கது; சுற்றிவரத் தேவையில்லை. மாணவர் விடைத்தாளில் 'முன்னோக்கிய உருவம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும் இத்தன்மையின் காரணம் கோயிலில் உள்ளது. மூலவர்க்கும் உற்சவர்க்கும் சாத்தப்படும் வெள்ளி, செம்புக் கவசங்கள் இவ்வாறுதான் தகட்டை அடித்துச் செய்யப்படுகின்றன. கவசத்துக்கு முன்புறமே உண்டு. அதன் பின்புறம் திருமேனிக்கு உரியது. சானகிராம் அக்கவசத்தைத் திருமேனியிலிருந்து கழற்றித் தனியே நிற்கவைத்தார் எனலாம். உள்ளே இருக்கவேண்டிய திருமேனி இல்லாமையால் தகடே உருவமாகிவிடுகிறது.

'ஊடகமும் நுட்பமும்' என்னும் தலைப்பின்கீழ் 'ஆக்சிசனேற்றப்பட்ட செம்பு' என்று எழுதும் மாணவர்க்கு ஒரு மதிப்பெண் கிடைக்கும். தெருக்கோடிக் கோயிலின் கவசத்தையும் அந்தச் சிற்பத்தையும் ஒப்பிடுபவர்க்கு அந்த நுட்பம் ஏன் தேர்ந்துகொள்ளப்பட்டது என்பது விளங்கும். 'கணேசர்' இருப்பது புதுதில்லி நவீனக் கலைக்கூடத்தில். ஆயினும், 2009இல் சோழமண்டலத்தில் திறக்கப்பட்ட இக்காலக் கலை மையத்தில் அவர் காலத்துச் சென்னைக் கலைஞர்களின் படைப்புகள் காட்சிக்கு உள்ளன. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர், அக்கரை வழியே கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைந்தால் ஈஞ்சம்பாக்கம் அருகில்தான்.

நீர்ச்சுழி

மூன்றாமவரான கிருட்டிண ரெட்டி (1925–2018) ஆந்திரப் பகுதியில் பிறந்து, சாந்திநிகேதனில் நந்தலால் போசிடம் பயின்றவர். 1947 முதல் 1949 வரை கலாசேத்திராவில் ஓவியப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தார். கலாசேத்திரா அப்போது அடையாற்றில் இயங்கியது. 1962இல்தான் திருவான்மியூருக்கு முழுமையாக மாறியது. சாந்திநிகேதனும் அடையாறும் தொடர்பற்றவை அல்ல. பிரம்மஞான சபையைச் சேர்ந்த சேம்சு கசின்சு, வங்கப் பாணி ஓவியங்களைத் தென்னாட்டில் பரப்புவதில் முனைந்து ஈடுபட்டவர். அவ்வழியில் பார்த்தால் நந்தலாலின் மாணவர் அடையாற்றுக்கு வந்தது தற்செயலன்று.

'நீர்ச்சுழி' 1963இல் ஆனது. பாரிசில் சுடான்லி வில்லியம் ஏட்டரின் அச்சுக்கூடத்தில் ரெட்டி உருவாக்க உதவிய பிசுபிசுப்பு அச்சுமுறையில் அமைந்தது. வழக்கமாக வண்ண அச்சோவியத்துக்கு ஒரு வண்ணத்துக்கு ஒரு தகடு வேண்டும். இம்முறையில் ஒரே தகடு போதும். தகட்டின் பரப்பை வெவ்வேறு ஆழங்களில் அரித்தும் செதுக்கியும் கொள்கின்றனர். மைகளில் ஆளிவிதை எண்ணெயைக் கூட்டியும் குறைத்தும் கலக்கின்றனர். எண்ணெய் மிகுந்த மையின்மேல் எண்ணெய் குறைந்த மை ஒட்டாது விலகும். கடினமான உருளை மேட்டில் மட்டும் மையைத் தடவும். மெல்லிய உருளை பள்ளத்திலும் இறங்கும். இவ்விரண்டையும் இயைத்தால் பல வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் ஒரே அழுத்தத்தில் தாளுக்கு மாறும். வேதியியலையும் இயற்பியலையும் உடன் படிக்கும் மாணவர்க்கு இதைவிட எளிதாக விளங்கும் கலைநுட்பம் பாடத்தில் வேறில்லை. ஆனால் 'ஒரே தகட்டில் பல வண்ணம்' என்னும் ஒரு வரியோடு இது கடக்கப்பட்டுவிடுவதுண்டு.

சொல்லும் கண்ணும்

நடுவண் வாரியப் பாடநூலைத் தமிழில் படிக்கும் வாய்ப்பு மாணவர்க்கு இல்லை. ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் விடை எழுதுகின்றனர். வீட்டில் தமிழ் பேசும் மாணவர் ஓர் ஓவியத்தைப் பற்றித் தம் மொழியில் நான்கு தொடர் சொல்லவேண்டிய தேவை பள்ளியில் எழுவதே இல்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால் இலங்கையில், கல்விப் பொதுத் தராதர உயர்தரத் தேர்வில் சித்திரம் தமிழ்வழியிலேயே கற்பிக்கப்பட்டுத் தேர்வு நடத்தப்படுகிறது. ஆகவே, பள்ளி இறுதியாண்டுக் கலைக்கல்வியைத் தமிழில் நடத்தல் இயலாது என்னும் வாதத்துக்கு இடமில்லை.

சொல்வளம் இல்லை என்பதற்கும் இடமில்லை. செய்முறைத் தேர்வில் முதல் ஒரு மணி நேரம் மாணவர் செய்வது வண்ணம் சேராத வடிவத்தைக் கோட்டால் அமைப்பது. அதற்கு நெடுநல்வாடையிலும் மணிமேகலையிலும் வரும் பெயர் 'புனையா ஓவியம்'. அணிகலன் களைந்த தலைவியை அவ்வோவியத்துக்கு நெடுநல்வாடை உவமிப்பதால், சொல்லின் பொருள் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகிறது. தூரிகைக்கு 'வட்டிகை', 'துகிலிகை' என்னும் சொற்கள் உண்டு. மதுரைக்காஞ்சி ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்கிறது. காண்பவர் கண்ணுக்குள் தம் தொழிலை நிறுத்துபவர் என்று பொருள் கொள்ளும்போது, ஓவியக் கல்வியின் இலக்கே அச்சொல்லில் அடங்கியிருப்பது தெரியும். மணிமேகலை, ஆடல் மகளிர் கற்றுத்தேர வேண்டியவற்றுள் 'ஓவியச் செந்நூ'லையும் குறிப்பிடுகிறது. ஓவியம் நூலாகவும் பாடமாகவும் இருந்த காலத்தின் தடயம் அது.

இவற்றைவிடப் பொருத்தமான சான்று 19ஆம் பரிபாடலில் உள்ளது. திருப்பரங்குன்றத்தின் சித்திர மண்டபத்துக்கு வரும் மக்கள், சுவரோவியங்களைச் சுட்டி இவர் யார், இது என்ன நிகழ்வு என்று வினவ, அறிந்தவர் இன்னார் இன்னார் என்று விளக்குகின்றனர். காமனும் இரதியும், அகலிகை கதையும் அவ்வினா விடைக்கு உரியனவாகின்றன. கலை நுகர்வுக்கான தமிழ் முன்மாதிரி மனப்பாட விடையாக இல்லை. ஓவியத்தின்முன் நின்று இருவர் நிகழ்த்தும் உரையாடலாக இருந்திருக்கிறது. 1956இல் வெளிவந்த மயிலை சீனி. வேங்கடசாமியின் 'தமிழர் வளர்த்த அழகுக்கலைகள்' முதலாக இத்தகைய சான்றுகள் தொகுக்கப்பட்டே வந்துள்ளன. தமிழ்த் துறைகள் அவற்றைப் பழம்பெருமைக்கான சான்றுகளாக எடுத்தாண்ட அளவுக்கு, வகுப்பறைக்குரிய கருவிச்சொற்களாக எடுத்தாளவில்லை.

பழஞ்சொற்கள் எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும் என்பதும் மிகை. ஏவெல்லுக்குப் பின் வந்த நுட்பங்களுக்குப் புதுச்சொற்களே வேண்டும். அபனீந்திரநாத் குழுவினர் சப்பானிய ஓவியரிடமிருந்து பெற்ற முறையில், தாளை மீண்டும் மீண்டும் நனைத்து வண்ணத்தைப் படலம் படலமாக ஏற்றுகின்றனர்; 'பயண முடிவு' ஓவியத்தில் சுமையோடு சரிந்த ஒட்டகத்தைச் சூழும் செம்மங்கல் அவ்வாறு பிறந்தது. இதனை 'வாஷ்' என்றே ஆசிரியர்கள் சொல்கின்றனர், சொல்லட்டும். 'நனைபடலம்' போன்ற ஆக்கங்கள் நிலைபெறுமா என்பதை வகுப்பறைதான் முடிவுசெய்யும். ஓவியர் ஆதிமூலம் போன்றோர் தமிழ் இதழ்களிலும் நூல் முகப்புகளிலும் வரைந்தமையால் 'கோட்டோவியம்' என்னும் சொல் வாசகரிடம் இயல்பாக ஊன்றியது. அகராதிக் குழு எதுவும் அதனைப் பரப்பவில்லை.

ஆண்டுத் தொகுப்பில் ஓர் இடம்

பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் தாம்பரத்து ஆசிரியர் எவர்க்கும் இல்லை. ஆனால், 20 மதிப்பெண்ணுக்குரிய ஆண்டுத் தொகுப்பில் அவர் விருப்பத்துக்கு இடமுண்டு. ஆண்டு முழுதும் முதல் வரைவிலிருந்து முடிந்த ஓவியம் வரை மாணவர் செய்தவை அதில் இடம்பெறுகின்றன. இந்திய நாட்டார் ஓவிய மரபு ஒன்றைத் தழுவிய ஒரு படைப்பும் அதில் சேர்க்கப்பட வேண்டும். அவ்விடத்தில் மதுபனியும் வார்லியும் பெரும்பாலும் நிரம்பிவிடுகின்றன. இணையத்தில் படியெடுக்க அவை எளிதாகக் கிடைக்கின்றன என்பதே காரணமாகலாம். அவை சிறந்த மரபுகள்தாம். எனினும், கும்பகோணம் வட்டாரத்தின் கருப்பூர் கலம்காரி, 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. கோயில் விதானத்துக்கும் தேர்ச்சீலைக்கும் துணியில் கையால் தீட்டப்படுவது. புள்ளி வைத்து இழுக்கும் கோலமோ பல மாணவரின் வீட்டு வாசலில் நாள்தோறும் வரையப்பட்டு நாள்தோறும் அழிகிறது. அதனை வரைபவர் பெரும்பாலும் தாயோ பாட்டியோ ஆவர்.

கோலத்தைத் தொகுப்பில் சேர்க்க விரும்பும் மாணவர் முதலில் சந்திக்கும் இடர், அதனைத் தாளில் எங்ஙனம் நிறுத்துவது என்பது. அரிசி மாவு விரலிடுக்கில் வழியும்போது உண்டாகும் கோட்டின் தடிப்பு வேறுபாடு பேனாக்கோட்டில் வருவதில்லை. குனிந்து பின்னோக்கி நகர்ந்து வரைபவரின் உடலசைவு, மேசையில் அமர்ந்து வரையும்போது இல்லை. புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறித்து, கோடு திரும்பும் இடங்களை எண்ணி, வாசலில் வரைந்ததைத் தாளுக்கு மாற்றும் அந்த முயற்சியின் முதல் வரைவு, இரண்டாம் வரைவு, முடிந்த ஓவியம் ஆகிய மூன்றையும் தொகுப்பில் வரிசையாக இணைக்கலாம். முதல் வரைவிலிருந்து முடிந்த படைப்பு வரையிலான பதிவைத்தான் வாரியமும் கேட்கிறது.